தவிட்டுக் கஞ்சியின் கால அட்டவணை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அதாவது நான் நலம், தங்கள் அக்கா நலமாகிக்கொண்டிருக்கிறாள். தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமென்றும், தங்கள் மாவு மில், அதன் மோட்டார், பெல்ட் உட்பட, தடையின்றி ஓடுகிறதென்றும் நம்புகிறேன். இந்தக் கையெழுத்தைக் கண்டதும் தாங்கள் ஆச்சரியப்படலாம். கிழித்துப் போடவும் தோன்றலாம். கிழிப்பதாக இருந்தால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கிழிக்கவும்.

விஷயம் இதுதான். வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். டாக்டர் தயார், கட்டில் தயார், ரத்தத்தில் ஹீமோகுளோபினும் ஒருவழியாகப் பத்தைத் தாண்டிவிட்டது. தயாராகாத ஒரே ஆள் தங்கள் அக்கா. "என் தம்பி வந்து பக்கத்துல நிக்காம நான் அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன்" என்று கட்டிலில் சப்பணமிடக்கூட முடியாத காலை நீட்டிக்கொண்டு சொல்லிவிட்டாள். சரி, போன் போடுகிறேன் என்றேன். "போன்ல வேணாம். போன்ல நீங்க ஹலோ சொன்ன கையோட கத்த ஆரம்பிச்சுடுவீங்க. வராதேன்னு சொன்னது நீங்கதானே, வான்னு நீங்களே எழுதுங்க" என்றாள். ஆகவே எழுதுகிறேன். தாங்கள், தங்கள் என்று எழுதி இப்போதே விரல் மரத்துவிட்டது. உன்னை அரை டவுசரில் பார்த்தவன் நான். இனிமேல் நீ என்றே எழுதுகிறேன், மரியாதை குறைந்துவிட்டதாக நினைக்காதே, கோபம் குறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் நடந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மாடிப்படியில் அதைக் கேட்ட மூன்று மாடிக்காரர்களுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குக் காலையில் என்ன நடந்ததென்று உனக்குத் தெரியாது. அன்றுதான் டாக்டர், அக்காவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "எட்டு புள்ளி ஆறுதான் இருக்கு. குறைஞ்சது பத்து வந்தாத்தான் நான் கத்தியைத் தொடுவேன். வேற கோளாறு எதுவும் இல்ல, எல்லாம் பார்த்தாச்சு. இரும்புச் சத்துதான் கம்மி. மாத்திரை குடுங்க, சாப்பாட்டைக் கவனிங்க" என்றார். வீட்டுக்கு நாற்பத்திரண்டு படி. ஆஸ்பத்திரிக்குப் போக வரத் தவிர, வருடக்கணக்கில் அவள் அந்தப் படியைத் தொட்டதில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு வாங்கி, அவளை மேலே கொண்டுவந்து சேர்த்துவிட்டு நிமிர்ந்தால், வாசலில் நீ நிற்கிறாய், தோளில் ஒரு மூட்டை, கையில் ஒரு மூட்டை. உன் மில்லில் அரைத்து, சலித்து, மறுபடி சலித்த கோதுமை மாவு, புதுச் சுவர் போல வெள்ளைவெளேரென்று. தானியத்தின் இரும்பில் பெரும்பகுதி மேல்தோலிலும் முளையிலும்தான் இருக்கிறது, தீட்டித் தீட்டி அதைத் தள்ளிவிடுகிறார்கள் என்று நான் அதற்கு முந்தின நாள்தான் பத்திரிகையில் படித்திருந்தேன். படித்த சூடு ஆறவில்லை. "இரும்பையெல்லாம் தவிட்டோட உருவி மாட்டுக்குப் போட்டுட்டு, மிச்ச வெள்ளையைக் கொண்டாந்து அக்காவுக்குக் குடுக்கிறியா? உங்க அக்கா ரத்தத்தைச் சலிச்சு எடுத்தவனே நீதான். இனிமே இந்தப் படி ஏறாதே" என்று சொன்னேன். சொன்னேன் என்று எழுதுகிறேன், கத்தினேன் என்று திருத்திப் படித்துக்கொள். நீ மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கினாய். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, "அத்தான், தவிட்டை அப்படியே போட்டா உடம்பு வாங்கிக்காது. ஊற வெச்சாவது போடுங்க" என்றாய். மாவு அரைக்கிறவன் எனக்கு மருத்துவம் சொல்கிறான் என்று கதவைச் சாத்தினேன். அந்த ஒரு வரியை நான் அன்றைக்கே கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

நான் முப்பத்திரண்டு வருடம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவன் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய், மறக்க நான் விட்டதும் இல்லை. டிரைவர்கள் எனக்கு 'விசில்' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் டிப்போவில் இறங்கிய பயணி எவரும் அடுத்த வண்டியைத் தவற விட்டதில்லை. மூன்று திசையிலிருந்து வரும் மூன்று வண்டிகளை ஒரே நிமிடத்தில் ஒரே இடத்தில் சேர்த்து நிறுத்தி, மாறுகிறவர்கள் மாறியதும் விசில் ஊதி அனுப்புவேன். அந்த வித்தையை அக்காவின் உடம்பிலும் காட்டினேன். மறுநாளே தீவனக் கடைக்குப் போய்த் தவிடு கேட்டேன். கடைக்காரர், "மாடு எத்தனை உருப்படி?" என்றார். "ஒருத்தர்தான், முழங்கால் வலி" என்றேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கட்டிக் கொடுத்தார். சமையலறைச் சுவரில் கரும்பலகை மாட்டினேன். காலை ஏழு பத்துக்குத் தவிட்டுக் கஞ்சி வருகை. அதே ஏழு பத்துக்கு இரும்பு மாத்திரை வருகை. மாத்திரையை விழுங்க, அக்காவுக்குப் பிடித்த மாதிரி கறுகறுவென்று கொதிக்கவிட்ட தேநீர், அதுவும் ஏழு பத்து. மூன்றும் ஒரு விநாடி முந்தாமல் பிந்தாமல் மேசையில் சந்திக்கும். நான் விசில் ஊதுவேன். அவள் குடிப்பாள். "கஞ்சியா இது? தரை துடைச்ச தண்ணி மாதிரி இருக்கு" என்பாள். இருந்தாலும் குடிப்பாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசி வாய்வரைக்கும் குடிப்பாள். இரண்டு மாதம், ஒரு நாள் தவறவில்லை. அறுபத்தோரு நாளும் ஏழு பத்து.

இரண்டு மாதம் கழித்துப் பரிசோதித்தால் எட்டு புள்ளி ஒன்று. நான் மெஷினில் கோளாறு என்றேன். மறுபடி எடுத்தார்கள், எட்டு புள்ளி ஒன்றேதான். எங்கள் டிப்போ கடிகாரம்கூட அத்தனை ஒழுங்காக ஒரே பதிலைச் சொன்னதில்லை. டாக்டர் எங்களை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். சின்னப் பெண், குரல் மெல்லிசு, ஆனால் கேள்வி ஒவ்வொன்றும் டிக்கெட் பரிசோதகர் கேள்வி. அக்காவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன், கையில் அட்டவணையின் நகலோடு. பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"மாத்திரை எதோட குடுக்கறீங்க, சார்?"

"தேநீரோட. சரியா ஏழு பத்துக்கு."

"சாப்பாடு?"

"அதுவும் ஏழு பத்து. பச்சைத் தவிடு, ஒரு கிண்ணம், நேரா மாவோட கலந்து."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். அவள் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதத்தில் உனக்கு எழுதுகிறேன். தவிட்டில் இரும்பு நிறைய இருக்கிறது, பத்திரிகைக்காரன் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே தவிட்டில் அந்த இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு சமாச்சாரமும் இருக்கிறது. இரும்பு, துத்தநாகம், எது வந்தாலும் பிடித்துக்கொள்ளும், குடல் கேட்டாலும் கொடுக்காது. "அப்போ அது வண்டி நிறைய ஆள் ஏத்திக்கிட்டு வருது, ஸ்டாப்புல கதவைத் திறக்காமலே போயிடுது, அப்படியா?" என்றேன். "ரொம்பச் சரி, சார்" என்றாள். "வெள்ளை மாவு?" என்றேன். "அதுல ஏறினதே கொஞ்சம் பேர். ஆனா கதவு ஓரளவு திறக்கும். ரெண்டுமே முழுசாச் சரியில்ல. தானியத்தை ஊற வெச்சா, முளைகட்டினா, மாவைப் புளிக்க வெச்சா, அந்தப் பிடி தளரும். அப்பத்தான் தவிட்டுல இருக்கறது உடம்புக்கு வரும்" என்றாள். பிறகு குரலை இன்னும் மெல்லிசாக்கி, "டீதான், சார், இன்னும் மோசம். இரும்பு வர்ற நேரத்துல டீ வந்தா, கஞ்சியில இருக்கறதும் போச்சு, மாத்திரையில இருக்கறதுலயும் ஒரு பங்கு போச்சு. ஒன்னோட ஒன்னு சந்திக்கவே கூடாது" என்றாள்.

சந்திக்கவே கூடாதாம். முப்பத்திரண்டு வருடம் சந்திக்க வைத்தவனிடம் சொல்கிறாள். மாப்பிள்ளை, கணக்குப் போட்டுப் பார். அறுபத்தோரு நாள், நிமிடம் பிசகாமல், என் கையாலேயே அவளுக்குப் போகவேண்டியதைப் போகவிடாமல் தடுத்திருக்கிறேன். நான் சோம்பேறியாக இருந்து, ஒருநாள் மாத்திரையை மறந்து ஒருநாள் தேநீரைத் தாமதித்திருந்தால்கூட அவளுக்கு நல்லதாக இருந்திருக்கும். நான் சரியாகச் செய்தேன், அதனால்தான் எல்லாம் கெட்டது. அவள் அந்தக் கஞ்சியை எப்படிக் குடித்தாள் என்று எனக்குத்தான் தெரியும். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. வெளியே வந்து, "மாவு மாத்தணுமாம், அவ்வளவுதான்" என்றேன். இன்றுவரை சொல்லவில்லை. சொல்ல வாயெடுப்பேன், பால் பொங்கிவிடும், தொலைபேசி அடித்துவிடும், ஒன்றுமே அடிக்காவிட்டால் நானே எழுந்து போய்விடுவேன். உன்னிடம்தான் முதல்முறை சொல்கிறேன், நீயும் அவளிடம் சொல்லாதே.

அன்றே கரும்பலகையைத் துடைத்துப் புது அட்டவணை போட்டேன். கோதுமை, மாலை ஆறு மணிக்கு ஊறல் புறப்பாடு, காலை ஆறுக்கு வருகை. பிறகு துணியில் கட்டி இரண்டு நாள் முளைப்பு. காயவைத்தல். அரைத்தல். பழைய புளித்த மாவு ஒரு கரண்டி சேர்த்துப் பிசைந்து, பொங்கவிட்டு, ரொட்டி. மாத்திரை எலுமிச்சைச் சாற்றோடு, ஏனென்றால் எலுமிச்சை கதவைத் திறந்துவிடும் ஆளாம். தேநீர் ஒன்றரை மணி நேரம் கழித்து, எட்டு நாற்பதுக்கு. எழுதி முடித்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது. முதல் வண்டியே குடை சாய்ந்தது. வாசனைக்காக முதலில் கோதுமையை நன்றாக வறுத்துக்கொண்டேன். வறுத்து, ஊறவைத்து, துணியில் கட்டி, மூன்று நாள் காத்திருந்தேன். ஒரு கோதுமை மணிகூட முளைக்கவில்லை. கோதுமை வாங்கிய கடைக்காரரிடம் போய், "செத்த கோதுமையை வித்திருக்கீங்க" என்று சண்டை பிடித்தேன். அவர் ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "வறுத்துட்டு வந்து முளைக்கலையேன்னு கேக்கிறீங்களே, சார்" என்றார். முளை மட்டுமில்லை, இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் அந்தப் பிடியைத் தளர்த்துகிற சக்தியும் தானியத்துக்குள்ளேயேதான் இருக்கிறதாம், சூட்டில் அதுவும் போய்விடுமாம், ஆலோசகப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடுத்த முறை வறுக்கவில்லை, ஆனால் பென்ஷன் அலுவலகத்துக்குப் போய் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் கூடுதலாக விட்டுவிட்டேன். துணியைப் பிரித்தால் பச்சைப் பசேலென்று புல். அக்கா எட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு. ஒரு மாடு மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள். மூன்றாவது முறை எல்லாம் சரியாக வந்தது, புளித்த மாவுக்குக் கதகதப்பான இடம் வேண்டுமென்று என் யூனிபார்ம் அலமாரியில் வைத்தேன். மாவுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. மூடியைத் தள்ளிக்கொண்டு கிளம்பி, காக்கிச் சட்டைப் பைக்குள் புகுந்து, விசிலை விழுங்கியிருந்தது. விசிலை எடுத்து ஊதினேன். சத்தம் வரவில்லை, மாவுதான் வந்தது. அக்கா சிரித்தாள். மாப்பிள்ளை, அவள் அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று தெரியுமா? விசில் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரத்துக்குள் என் கை பழகிவிட்டது. ஆரம்பத்தில் நான் மிக்ஸியில் அரைத்த மாவில் கல் கல்லாகக் கடிபடும். அக்கா மென்றுகொண்டே, "பல் டாக்டரும் இதே ஆஸ்பத்திரியிலதானே இருக்கார்?" என்று கேட்பாள். மூன்றாவது வாரத்திலிருந்து, டப்பாவைத் திறந்தால் மாவு பட்டு போல விரலில் ஓடுகிறது. எல்லாம் அனுபவம். இப்போது காலை ஐந்து மணிக்கு எழுந்து நானே பிசைகிறேன், நானே சுடுகிறேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மா சனிக்கிழமை தவறாமல் ஒரு பையோடு மேலே வந்து அக்காவிடம் ஏதோ அளவெடுத்துப் போகிறாள், வெளியிலேயே போகாதவளுக்கு வாராவாரம் என்ன ஜாக்கெட் தைக்கிறாள் என்று தெரியவில்லை. அவள்கூட என் ரொட்டியைத் தின்றுவிட்டு, "மாவு அரைக்கிறவங்க கைப்பக்குவம் தெரியுது" என்றாள். பால்கனிப் புறாக்கள்கூட நன்றாகக் கொழுத்திருக்கின்றன, காற்றே நல்ல காற்றாக இருக்க வேண்டும். ஒரே சிரமம் தேநீர்தான். ஏழரைக்கே அக்கா ஆரம்பித்துவிடுவாள், "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று. நான் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நிற்பேன். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் கேட்டு நான் இல்லையென்று சொன்னது எத்தனையோ உண்டு. சொல்லும்போது எனக்கு வலித்தது இந்த ஒன்றுதான். பரிசோதனை முடிவுகள் வரிசையாக எட்டு புள்ளி ஒன்பது, ஒன்பது புள்ளி ஏழு, போன திங்கட்கிழமை பத்து புள்ளி ஆறு. டாக்டர் கை கொடுத்தார். கடைசிச் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன், வந்ததும் காட்டுகிறேன்.

ஆகவே, நீ சொன்னதுதான் சரி. மூன்று மாடிக்கும் கேட்கும்படி சொன்னதை மூன்று பக்கத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். டிப்போ பதிவேட்டில் தாமதமான வண்டிக்கு எதிரே 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. இந்த மன்னிப்பு ஏழு மாதம் தாமதமாகப் புறப்படுகிறது. காரணம்: டைம்கீப்பரின் பிடிவாதம். புதன்கிழமை மதியம் பன்னிரண்டே காலுக்கு உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வண்டி இருக்கிறது, இங்கே நாலு முப்பத்தைந்துக்கு வந்து சேரும். அதற்கு முந்தினது கூட்டம், அடுத்தது டிரைவர் சரியில்லை. நான் நாலு இருபதுக்கே வந்து நிற்பேன். மூட்டை எதுவும் தூக்கிக்கொண்டு வராதே. அப்படியே தூக்கி வந்தாலும் மேலே நான் தூக்கிக்கொள்கிறேன். நீ வா. ஆபரேஷன் அறைக்கு வெளியே நான் தனியாக உட்கார்ந்திருக்க முடியாது, கடிகாரம் பார்த்தே செத்துப்போவேன்.

உன் துணைவியாருக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், தெம்பான ரத்தத்தோடும், நல்ல முழங்காலோடும், நேரத்துக்கு வரும் பஸ்களோடும் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அத்தான்

பி.கு.: மேற்படி மன்னிப்பு மாவு விஷயத்துக்கு மட்டுமே செல்லும். என் கைக்கடிகாரம் நாலு நிமிடம் வேகமாக ஓடுகிறது என்று போன வருடம் நீ சொன்னதில் என் நிலைப்பாடு மாறவில்லை.

இன்னொரு பி.கு.: தம்பி, இது அக்கா. தபால்ல போடச் சொல்லி உங்க அத்தான் இதைத் தையல்காரம்மாகிட்ட குடுத்தார், அவ நேரா எங்கிட்ட கொண்டாந்துட்டா. எனக்கு அவர் மாதிரி எழுத வராது, பேசற மாதிரியே எழுதறேன். நீ போன வாரமே டிக்கெட் எடுத்துட்டேன்னு போன்ல சொன்னது அவருக்குத் தெரியாது, தெரிய வேணாம். நீ வராட்டியும் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன், கால் வலிக்கறது எனக்குத்தானே. அவரை எழுத வைக்கத்தான் கட்டில்ல காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். நீ முளைகட்டிக் காயவெச்சு அரைச்சு அனுப்பற மாவு சனிக்கிழமை தவறாம தையல்காரம்மா பையில வந்துடுது. டப்பாவுல இருக்கறது அதுதான். அவர் மிக்ஸியில அரைக்கறது புறாவுக்குப் போகுது, பாவம், அதுங்களுக்குப் பல்லு கிடையாது. ஆனா அஞ்சு மணிக்கு எழுந்து பிசையறது நிஜமாவே அவர்தான். எட்டு நாப்பது வரைக்கும் டீயைக் கண்ணுல காட்டாம அடுப்பை மறைச்சு நிக்கறதும் அவர்தான். அதுலதான் பாதி ரத்தம் ஏறிச்சுன்னு அந்த ஆலோசகப் பொண்ணே சொன்னா. அதனால மாவு விஷயத்தை நீ மூச்சுவிடாதே.

எங்கிட்ட சொல்லலைன்னு எழுதியிருக்காரே, அந்த விஷயம். நான் வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன், கதவு திறந்துதான் இருந்துது. எல்லாம் கேட்டுது. அன்னிக்கு நாப்பத்திரண்டு படியும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, படிக்குப் படி "வலிக்குதா, வலிக்குதா"ன்னு கேட்டுக்கிட்டே ஏறினார். அவரா வாயைத் திறந்து சொல்லட்டும்னு அஞ்சு மாசமா காத்திருந்தேன். உங்கிட்ட சொல்லிட்டார். அதனால இதைக் கிழிச்சுப் போட்டுடாதே, வர்றப்ப கொண்டு வா. மேல 'மைத்துனர் அவர்களுக்கு'ன்னு இருக்கறதை மட்டும் அடிச்சுட்டு, எனக்கு எழுதினதா நான் வெச்சுக்கறேன்.